முகப்பருவும் ஹோமியோபதியும்: எங்கள் மூன்று பேரின் அனுபவம்

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு முகப்பரு வந்தது. எனக்கு, தம்பிக்கு, அக்கா மகளுக்கு. மூன்று பேருமே ஏதோ ஒரு கட்டத்தில் ஒரே டாக்டரிடம் ஹோமியோபதி மருந்து சாப்பிட்டோம். அக்கா மகளுக்குப் பரு அடங்கியது. எனக்கு அரைகுறையாகக் குறைந்து நின்றது. தம்பியின் கன்னத்தில் குழிகள் விழுந்துவிட்டன. கொடுத்தவர் ஒருவர்தான், பிறகு ஏன் மூன்று முடிவு? இதற்கான பதில், சாப்பிட்ட மருந்தைவிட எங்களுக்கு வந்த பருவின் வகையில்தான் பெரிதும் இருந்தது. நான் மருத்துவர் இல்லை. தோல் மருத்துவர், மகளிர் மருத்துவர், ஹோமியோபதி டாக்டர் என்று எல்லோரிடமும் கேட்டுக் கேட்டு, எங்கள் முகங்களைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பரு எப்படி உண்டாகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வகைகள் எல்லாம் அதிலிருந்துதான் பிரிகின்றன. தோலில் மயிர்க்காலோடு ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கும். பருவ வயதில் ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண்பால் ஹார்மோன்கள் (இவை பெண்களுக்கும் உண்டு) கூடும்போது அந்தச் சுரப்பி பெரிதாகி எண்ணெயை அதிகம் சுரக்கும். அதே சமயம், துளையின் உட்சுவரிலிருந்து உதிர்ந்து வெளியேற வேண்டிய செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாயை அடைத்துவிடும். அடைபட்ட எண்ணெயில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா பெருகும். அது எல்லோர் தோலிலும் சாதாரணமாக இருப்பதுதான். உடல் அதை எதிர்த்துக் கிளம்பும்போது சிவப்பு, வீக்கம், வலி, சீழ் எல்லாம் வருகின்றன. எண்ணெய், அடைப்பு, பாக்டீரியா, அழற்சி என்ற இந்த நான்கில் எது ஓங்கி நிற்கிறது, எவ்வளவு ஆழத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பரு வேறு வேறு உருவம் எடுக்கிறது.

அக்கா மகளுக்கு 13 வயதில் நெற்றியிலும் மூக்கிலும் தொடங்கியது. தடவினால் சொரசொரவென்று இருக்கும், வலி கிடையாது. துளையின் வாய் திறந்திருந்தால் அது பிளாக்ஹெட், மேலே தோல் மூடியிருந்தால் ஒயிட்ஹெட். மருத்துவர்கள் இரண்டையும் சேர்த்துக் கொமிடோன் என்கிறார்கள். பிளாக்ஹெட்டின் கறுப்பு அழுக்கு இல்லை. தோலின் நிறமியான மெலனினும், காற்றுப் பட்டு நிறம் மாறிய எண்ணெயும்தான் அது. இது தெரியாமல் பிள்ளை ஸ்கிரப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "எவ்வளவு தேய்ச்சாலும் போகவே மாட்டேங்குது சித்தி" என்று அழுதாள். தேய்க்கத் தேய்க்கத் தோல் எரிச்சலடைந்து, சும்மா கிடந்த அடைப்பு சிவந்த பருவாக மாறும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை மென்மையான ஃபேஸ்வாஷ், விரல் நுனியால் தடவிக் கழுவினால் போதும்.

தம்பிக்கு வந்தது வேறு. 17 வயதில் கன்னத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் பருக்கள் வந்தன, அப்புறம் அவற்றில் சில நுனியில் மஞ்சளாகச் சீழ் கோத்தன. முன்னதைப் பாப்யூல் என்றும் சீழ் வைத்ததைப் பஸ்டியூல் என்றும் சொல்கிறார்கள். பெரும்பாலும் 5 மில்லிமீட்டருக்குள் அடங்கும். அதோடு நின்றிருந்தால் பெரிய கவலை இல்லை. சில மாதங்களில் தாடையிலும் முதுகிலும் ஆழத்தில் கட்டி கட்டியாகக் கிளம்பின. முனை தெரியாது, தொட்டால் உயிர் போகிற வலி, வாரக்கணக்கில் கரையாது. இதுதான் நாட்யூல். உள்ளே சீழும் திரவமும் நிறைந்து பைபோல ஆனால் சிஸ்ட். மயிர்க்காலின் சுவர் தோலுக்கடியிலேயே கிழிந்து, உள்ளே இருப்பது சுற்றியுள்ள திசுவில் கசிவதால்தான் இவ்வளவு வீக்கம். அந்தச் சேதத்தை உடல் பழுது பார்க்கும்போது தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் குறைந்தால் குழி விழுகிறது, கூடினால் மேடு தட்டுகிறது. குழியும் மேடும் மற்ற வகைகளிலும் வரலாம். ஆனால் நாட்யூலில் அந்த ஆபத்து மிக அதிகம்.

எனக்கு வந்தது முப்பதை நெருங்கும்போது. பள்ளி வயதில் முகம் தெளிவாகத்தான் இருந்தது. திடீரென்று தாடைக் கோட்டிலும் முகவாயிலும் கழுத்தின் மேல்பகுதியிலும் வலியுள்ள பருக்கள், மாதவிடாய்க்குச் சில நாட்கள் முன்னால் கூட்டமாக. மாதவிடாயும் தள்ளித் தள்ளிப் போனது. வயது வந்த பெண்களுக்கு இப்படி வந்தால் ஹார்மோன் பக்கம் பார்க்க வேண்டும். பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இதற்கு ஒரு முக்கியமான காரணம்.

பரு போலத் தோன்றிப் பரு அல்லாதவையும் உண்டு. மலசீசியா என்ற பூஞ்சை மயிர்க்காலைப் பாதித்தால் நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் ஒரே அளவான பொரிகள் வரும், நன்றாக அரிக்கும், பிளாக்ஹெட் இருக்காது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் அது கூடும். முகம் சிவக்கும் தோல் நோயான ரோசேசியாவிலும் சிவந்த பருக்கள் உண்டு, ஆனால் கொமிடோன் இருக்காது. ஸ்டீராய்டு களிம்பை முகத்தில் போட்டு வருபவர்களுக்கும், மனநலக் கோளாறுக்கான லித்தியம், வலிப்புக்கான ஃபெனிடாயின், காசநோய்க்கான ஐசோனியசிட் போன்ற மருந்து சாப்பிடுபவர்கள் சிலருக்கும் திடீரென்று பொரிகள் கிளம்பும். புதிதாக ஏதாவது மருந்து ஆரம்பித்த பிறகு பரு வந்திருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம்.

இனி ஹோமியோபதி. அம்மாவுக்கு அதில் நம்பிக்கை அதிகம். பக்கவிளைவு இல்லை, தோலை உரிக்காது, உள்ளிருந்து சரிசெய்யும் என்பார். எங்களைக் கூட்டிப் போனதும் அவர்தான். அந்த முதல் சந்திப்பு எனக்கு இன்றும் மரியாதையோடு நினைவிருக்கிறது. டாக்டர் பருவை ஒரு நிமிடம் பார்த்திருப்பார், மற்ற நேரமெல்லாம் கேள்விதான். வெயில் ஒத்துக்கொள்ளுமா, குளிர் தாங்குவீர்களா, தாகம் எப்படி, வியர்வை எங்கே, தூக்கத்தில் எந்தப் பக்கம் படுப்பீர்கள், அழுகை வருமா, ஆறுதல் சொன்னால் பிடிக்குமா, மாதவிடாய் எத்தனை நாள், எவ்வளவு தள்ளிப் போகிறது. ஹோமியோபதி பருவை வகைப்படுத்துவதைவிட ஆளை வகைப்படுத்துகிறது. ஒரே மாதிரிப் பரு உள்ள இருவருக்கு இரண்டு மருந்து கொடுப்பது அங்கே சாதாரணம்.

ஆனாலும் பருவுக்கு என்று அவர்கள் அடிக்கடி எடுக்கும் சில மருந்துகள் உண்டு. தொட்டாலே வலிக்கும், சீழ் வைக்கும் பருவுக்கு ஹெப்பார் சல்ப். ஆழத்தில் கிடந்து மெதுவாக ஆறும் கட்டிக்கு சைலீசியா. மஞ்சள் சீழ் வடிந்துகொண்டே இருந்தால் கல்கேரியா சல்ப். அரிப்பும் எரிச்சலும் உள்ள தோலுக்கு சல்ஃபர். பருவ வயதுப் பெண்களுக்கு மாதவிடாய்க் கோளாறோடு வந்தால் பல்சட்டில்லா, கொஞ்சம் வயதானவர்களுக்கு செபியா. எண்ணெய் வழியும் முகத்துக்கு நேட்ரம் மூர். மேலே தடவ பெர்பெரிஸ் அக்விஃபோலியம் என்ற செடியின் தாய்த்திரவம், அதாவது நீர்க்காத மூலச் சாறு. தம்பிக்கு எழுதிக் கொடுத்தது காலி புரோமேட்டம். இது பொட்டாசியம் புரோமைடு. 19ஆம் நூற்றாண்டில் வலிப்புக்கும் தூக்கத்துக்கும் இதை நிறையக் கொடுத்தார்கள், சாப்பிட்டவர்களில் பலருக்கு முகத்திலும் மார்பிலும் பரு போன்ற பொரிகள் வந்தன. எது நோயை உண்டாக்குமோ அதுவே மிகச் சிறு அளவில் நோயைத் தீர்க்கும் என்பது ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன் 1796இல் முன்வைத்த கொள்கை. பரு வரவைத்த உப்பு பருவுக்கு மருந்தானது அந்த வழியில்தான்.

அந்தச் சிறு அளவு எவ்வளவு சிறிது என்று நானே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தம்பியின் புட்டியில் 30சி என்று இருந்தது. மூலப்பொருளில் ஒரு பங்கை 99 பங்கு திரவத்தில் கலந்து குலுக்க வேண்டும், அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கில். இப்படி 30 முறை. ஒன்றுக்குப் பின்னால் 60 பூஜ்யம் போட்டால் எவ்வளவோ அத்தனை மடங்கு நீர்த்துப்போகிறது. 12 முறை தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பு அரிது என்று வேதியியல் சொல்கிறது. இப்படி நீர்க்க நீர்க்க மருந்தின் வீரியம் ஏறுகிறது, சக்தி கூடுகிறது என்பது ஹோமியோபதியின் நம்பிக்கை. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிக் குழு அதுவரை வந்த ஆய்வுகளைப் பரிசீலித்து, ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் எந்த நோய்க்கும் இல்லை என்று 2015இல் அறிவித்தது. அந்த எந்த நோய்க்கும் என்பதில் பருவும் அடக்கம்.

அப்படியானால் பலருக்குக் குணமானது எப்படி என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பரு ஏறி இறங்கும் இயல்புடையது. மிக மோசமாக இருக்கும்போதுதான் நாம் டாக்டரைத் தேடி ஓடுகிறோம், அதற்குப் பிறகு அது இறங்குவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். பதின்வயதுப் பரு பலருக்கு இருபதுகளில் தானாகவே அடங்குகிறது. தோல் களிம்புகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் மருந்தில்லாத வெறும் களிம்பு போட்டவர்களிலும் கணிசமானவர்களுக்குப் பரு குறைகிறது. இதற்கு மேல், மருந்து ஆரம்பிக்கும்போது நாம் வேறு பலவற்றையும் மாற்றுகிறோம். அக்கா மகள் உருண்டை சாப்பிட ஆரம்பித்த அதே வாரம் ஸ்கிரப்பை விட்டாள், நெற்றியில் வழிந்த முடி ஜெல்லையும் நிறுத்தினாள். அவள் முகம் தெளிந்ததற்கு எனக்குத் தெரிந்த காரணம் அந்த இரண்டும் நாள்பட்ட பொறுமையும்தான். லேசான பருவில் காத்திருந்தால் இழப்பு பெரிதாக இல்லை என்பதால் அவளுக்கு எந்தக் கெடுதலும் வரவில்லை.

என் கதையில் அந்த டாக்டருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். மாதவிடாய் பற்றி அவர் கேட்ட அளவுக்கு அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. "ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடுங்கம்மா, ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்க" என்றார். மகளிர் மருத்துவரிடம் போனேன், பிசிஓஎஸ் என்று தெரிந்தது. உருண்டைகள் சாப்பிட்ட மாதங்களில் பரு கொஞ்சம் குறைந்து கொஞ்சம் கூடி அப்படியே கிடந்தது. ஹார்மோன் மாத்திரையும் தோல் மருத்துவர் தந்த அசெலாயிக் அமிலக் களிம்பும் சேர்ந்த பிறகுதான் தாடைக் கோடு அடங்கியது. முழுக் கதையையும் உட்கார்ந்து கேட்கும் அந்தப் பொறுமை எல்லா மருத்துவமனையிலும் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

தம்பி விஷயத்தில்தான் எனக்கு ஆற்றாமை. கட்டிகள் கூடியபோது, "இது நல்ல அறிகுறி, உள்ளே இருப்பது வெளியே வருகிறது, பொறுங்கள்" என்றார்கள். ஹோமியோபதியில் இதற்கு அதிகரிப்பு என்று பெயர், மருந்து வேலை செய்வதன் அடையாளமாகவே அதை எடுத்துக்கொள்கிறார்கள். நாட்யூல் உள்ள ஒருவருக்குப் பொறுத்திரு என்று சொல்வது குழி விழட்டும் என்று விடுவதற்குச் சமம். வலியால் அவன் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் இருந்த நாட்களில் கன்னத்தில் தழும்புகள் உருவாகிக்கொண்டிருந்தன. முதுகில் சட்டை ஒட்டிக் கறை படும், கல்லூரிக்குப் போகவே மறுப்பான். கடைசியில் தோல் மருத்துவர் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையோடு, துளை அடைப்பை நீக்கும் அடாபலினும் பாக்டீரியாவைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடும் சேர்ந்த ஜெல் கொடுத்தார், அது போதாததால் ஐசோட்ரெட்டினாயினுக்கு மாற்றினார். 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது, கடுமையான பருவுக்கு இன்றுவரை அதற்கு நிகரில்லை. உதடு வறண்டு வெடிக்கும், கல்லீரலுக்கும் கொழுப்புக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும், மனநிலையில் மாற்றம் தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். கருவைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் பெண்கள் சாப்பிடும்போதும் நிறுத்திய பிறகு குறைந்தது ஒரு மாதமும் கர்ப்பம் தரிக்கவே கூடாது. டாக்சிசைக்ளினோடு சேர்த்தும் சாப்பிடக் கூடாது. இத்தனை கட்டுப்பாடு இருந்தும் அவனுக்குப் புதுக் கட்டி வருவது நின்றது.

லேசான பருவுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கொமிடோனுக்கு அடாபலின் 0.1% ஜெல், இரவில், பட்டாணி அளவு, முகம் முழுக்க மெல்லிசாக. ஒற்றைப் பருவின் மேல் மட்டும் வைப்பதால் பயனில்லை. முதல் சில வாரம் தோல் உரியும், பரு கூடுவது போலவும் இருக்கும், அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கலாம். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் தவிர்க்க வேண்டும். சிவந்த பருவுக்கும் சீழ்ப் பருவுக்கும் பென்சாயில் பெராக்சைடு 2.5% போதும், சதவீதம் கூடினால் எரிச்சல்தான் கூடும். தலையணை உறையையும் துண்டையும் வெளுக்க வைத்துவிடும், எனவே வெள்ளைத் துணி நல்லது. ஆன்டிபயாடிக்கைத் தனியாக மாதக்கணக்கில் போட்டால் பாக்டீரியா அதற்குப் பழகிவிடும். எதுவானாலும் 8 முதல் 12 வாரம் கொடுத்தால்தான் தெரியும். பத்து நாளில் மாறவில்லை என்று களிம்பை மாற்றுபவர்கள் எதையும் சரியாகச் சோதித்துப் பார்க்கவே இல்லை.

ஹோமியோபதிதான் வேண்டும் என்று முடிவு செய்தவர்களுக்கு என் வேண்டுகோள் இவை. மருந்தின் பெயரையும் வீரியத்தையும் எழுதி வாங்குங்கள். பெயரில்லாத களிம்பை முகத்தில் போடாதீர்கள். வேகமாகக் குணமாக்கும் பெயரில்லாத களிம்பில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்புண்டு, அது முகத்தோலை மெலியவைத்துச் சிவக்க வைத்து, நிறுத்தியதும் இரட்டிப்பாகப் பருவைக் கொண்டுவரும். தாய்த்திரவம் நீர்க்காதது, அதில் ஆல்கஹாலும் தாவரச் சாறும் இருக்கும், எரிந்தால் நிறுத்துங்கள். வீரியம் குறைந்த மருந்துகளில் மூலப்பொருள் உண்மையாகவே இருக்கலாம், அது பாதரசம், ஆர்சனிக் வகையாக இருந்தால் வேண்டவே வேண்டாம். தோல் மருத்துவர் கொடுத்ததை அதற்காக நிறுத்தாதீர்கள். ஆரம்பிக்கும் நாளிலேயே டாக்டரிடம் கேளுங்கள்: 12 வாரத்தில் எது குறைந்திருந்தால் வெற்றி, எது கூடினால் வேறு வழி பார்ப்போம்? இந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் போகலாம்.

குறைந்ததா கூடியதா என்று கண்ணாடி சொல்லாது, தினமும் பார்க்கிற முகம் பழகிவிடும். மாதம் ஒருமுறை, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், மூன்று கோணத்தில் படம் எடுத்து வைக்கச் சொன்னேன் அக்கா மகளிடம். பெண்கள் மாதவிடாய் தேதியையும் குறித்துக்கொண்டால் பரு எப்போது ஏறுகிறது என்பது தெரிந்துவிடும். படத்தோடு போனால் டாக்டரின் வேலையும் பாதி முடிகிறது.

எந்த மருத்துவ முறையை நம்பினாலும் சில விஷயங்களில் தாமதிக்கவே கூடாது. வலிக்கும் ஆழமான கட்டிகள், ஒரு குழியாவது விழுந்திருப்பது, பரு புண்ணாகி வெடித்துக் காய்ச்சலும் மூட்டுவலியும் சேர்வது, பெண்களுக்குப் பருவோடு முகத்தில் முடி வளர்வது அல்லது குரல் கனப்பது. இவற்றில் ஒன்றிருந்தாலும் தோல் மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலோடு வந்தால் அன்றே பாருங்கள். பருவினால் வெளியே வரவே பயந்து, வாழ்வே வேண்டாம் என்று பேசும் பிள்ளையிடம் "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதுவும் அவசரம்தான்.

தழும்பு பற்றிக் கேட்பவர்கள் பலர். பரு ஆறிய இடத்தில் தட்டையாக இருக்கும் கறுப்புத் தடம் தழும்பு இல்லை, நிறமி கூடியிருக்கிறது, அவ்வளவுதான். மாதக்கணக்கில் மங்கிவிடும், சன்ஸ்கிரீன் போட்டால் சீக்கிரம். மாநிற, கறுப்புத் தோலில் இது அதிகம் தெரியும், கிள்ளினால் இன்னும் அதிகம். தொட்டால் பள்ளம் தெரிந்தால்தான் அது குழி. ஊசி குத்தியது போல் குறுகி ஆழமாக இருப்பது, செங்குத்தான ஓரமுள்ள பெட்டி போன்றது, அலை அலையாக இறங்குவது என்று குழியிலும் மூன்று வகை உண்டு. குறுகிய குழிக்குச் செறிவான டிசிஏ அமிலத்தைத் துளி அளவு உள்ளே வைப்பது, அலைக் குழிக்கு அடியில் இழுக்கும் நார்களை ஊசியால் விடுவிப்பது, மற்றவற்றுக்கு நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீட்லிங் அல்லது லேசர் என்று வழிகள் இருக்கின்றன. எதுவும் முழுவதையும் துடைத்துவிடாது, ஆழத்தைக் குறைக்கும். புதுப் பரு வருவது நின்ற பிறகுதான் தொடங்குவார்கள். தம்பிக்கு மூன்று வகையும் கலந்திருப்பதால் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருக்கிறார்கள், ஒரு அமர்வுக்கும் அடுத்ததற்கும் நடுவே சில வாரங்கள் விட்டு. இடது கன்னத்தில் பள்ளங்கள் மேலேறி வந்திருக்கின்றன, வலது கன்னத்துக்கு இன்னும் நாள் பிடிக்கும்.